ஆச்சியிடம் கேளுங்கள்: ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வாரச் சமையல்

செட்டிநாட்டு வீட்டுச் சமையலில் கை தேர்ந்த ஆச்சியிடம் வந்த கேள்விகளும், அவர் சொன்ன பதில்களும்.

கேள்வி: ஆச்சி, மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஐந்து பேர். நானும் வேலைக்குப் போகிறேன். இன்றைக்கு என்ன குழம்பு என்று யோசிப்பதிலேயே காலைப்பொழுது போய்விடுகிறது. (காரைக்குடி)

பதில்: ஏழு நாளைக்கு ஏழு குழம்பு யோசித்தால் யாருக்கும் தலை வலிக்கும் தாயி. குழம்பைக் கனம், இளசு என்று இரண்டாகப் பிரித்துக்கொள். புளியும் மிளகாயும் தூக்கலான கெட்டிக்குழம்பு வைத்தால், தொட்டுக்கொள்ளப் பருப்புக் கூட்டோ கீரை மசியலோ செய், பிரட்டல் வேண்டாம். பருப்பு போட்ட இளங்குழம்பு வைக்கும் நாளில் உருளைக்கிழங்கோ வாழைக்காயோ பிரட்டு. அரிசி கழுவிய தண்ணீரில் புளி விட்டுச் செய்கிற மண்டி வைத்தால் அதிலேயே காய் நிறைய இருக்கும், அப்பளம் பொரித்தால் போதும். கனமும் இளசுமாக மாறி மாறி வந்தால் பிள்ளைகள் வயிறும் கெடாது. தினமும் மசாலா அரைக்கிற வேலையும் இல்லை. தினசரிச் செட்டிநாட்டுச் சாப்பாடு ஓட்டல் பலகையில் எழுதியிருக்கிற காரம் இல்லை.

கெட்டிக்குழம்பை மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்து வை. மறுநாள் ருசி கூடும். அன்றைக்கு ரசமும் ஒரு காயும் வைத்தால் சமையல் முடிந்தது.

கேள்வி: சந்தையில் வாங்கி வரும் காய் வியாழக்கிழமைக்குள் பாதி வாடிப்போகிறது. எப்படி வாங்குவது? (தேவகோட்டை)

பதில்: வாங்குவதில் தப்பில்லை, சமைக்கிற வரிசையில்தான் இருக்கிறது. முதல் இரண்டு நாள் கீரை, புடலை. அடுத்து வெண்டை, கத்தரி, அவரை. அதற்குப் பின் முருங்கை, வாழைக்காய், பூசணி. கடைசி இரண்டு நாள் உருளை, சேனை, வத்தல், பயறு. ஐந்து பேருக்கு வாரத்துக்குச் சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ, தேங்காய் மூன்று சரியாக இருக்கும். தக்காளியில் பாதி செங்காயாக வாங்கு.

கத்தரிக்காயைக் கையில் தூக்கிப் பார். அதன் அளவுக்கு லேசாக இருந்தால் விதை குறைவு. கனத்தால் முற்றல். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். வெண்டைக்காய் நுனியை ஒடிக்கக் கடைக்காரர் விடாவிட்டால் சுண்டுவிரல் நீளத்தில் பொறுக்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் வெண்டையைக் கழுவாதே. ஈரம் பட்டால் இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும். சின்ன வெங்காயத்தைப் பாலிதீன் பையில் கட்டி வைக்காமல் மூங்கில் தட்டில் பரப்பு.

கேள்வி: மண்டி வைத்தால் சில நாள் தண்ணீராக இருக்கிறது, சில நாள் பசை மாதிரி ஆகிவிடுகிறது. (பள்ளத்தூர்)

பதில்: மண்டிக்குக் கெட்டித்தன்மை தருவது அரிசி கழுவிய கழனித் தண்ணீர்தான். அதனால் அரிசி மாறினால் மண்டியும் மாறும். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், கொட்டிவிடு. இரண்டாவதும் மூன்றாவதுமாகக் கழுவும்போது அரிசியைக் கையால் நன்றாக அலசிப் பிசைந்து, ஐந்து பேருக்கு மூன்று டம்ளர் எடுத்துக்கொள். அரை மணி நேரம் வைத்தால் மாவு அடியில் தங்கும். ஊற்றுவதற்கு முன் கலக்கிவிட வேண்டும். பலர் மேல் தெளிவை மட்டும் ஊற்றிவிட்டு, மண்டி நிற்கவில்லை என்கிறார்கள். நன்றாகப் பாலிஷ் செய்த அரிசியில் கழனி மெலிசாகத்தான் வரும். ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கரைத்துச் சேர்த்தால் போதும்.

வெண்டைக்காய் கால் கிலோவை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, வழவழப்பு போகும்வரை நல்லெண்ணெயில் தனியாக வதக்கி எடுத்து வை. அதே சட்டியில் கடுகு, உளுந்து, வெந்தயம் தாளித்து, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் ஆறு, தக்காளி ஒன்று போட்டு வதக்கு. கழனியில் ஒரு டம்ளரை ஊற்றி வெங்காயமும் பூண்டும் வேகட்டும். வெந்த பிறகு, பெரிய நெல்லிக்காய் அளவு புளியை மீதிக் கழனியில் கரைத்து ஊற்று. புளி முதலிலேயே விழுந்தால் காய் இறுகிவிடும், எவ்வளவு கொதித்தாலும் வேகாது. பருப்பிலும் இதே கதைதான். பிறகு வெண்டையைச் சேர்த்துப் பச்சை வாசம் போக ஏழெட்டு நிமிடம் கொதித்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் விட்டால்தான் பசையாகிறது. ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் அடுப்பில் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கு.

கேள்வி: கடைப் பொடி வேண்டாம் என்று கோழிக்குழம்புக்கு நானே வறுத்து அரைத்தேன். கசந்துவிட்டது. கல்பாசி நாலைந்து துண்டு போட்டேன். (சென்னை, சொந்த ஊர் கோட்டையூர்)

பதில்: அதுதான் காரணம். ஒரு கிலோ கோழிக்குக் கல்பாசி கட்டைவிரல் நக அளவில் இரண்டு போதும் தம்பி. அது பாறையிலும் மரப்பட்டையிலும் வளர்கிற பாசி, இலை மாதிரி மெல்லிசு. மல்லியோடு சேர்த்து வறுத்தால் மல்லி சிவப்பதற்குள் இது கருகும். மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகாய் பன்னிரண்டு இரண்டையும் முதலில் சிறு தீயில் வறுத்து எடு. பிறகு மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சோம்பு இரண்டு, சீரகம் ஒன்று, கிராம்பு நான்கு, ஏலம் மூன்று, இரண்டு அங்குலப் பட்டை. அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே கல்பாசியையும் ஒரு தேக்கரண்டி கசகசாவையும் புரட்டு. அன்னாசிப்பூ அரையே அதிகம்.

மிளகாய்க்கு முண்டு மிளகாய் வாங்கு. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் தடித்தது, குழம்புக்குக் கனம் தரும். நிறம் வேண்டுமென்றால் காஷ்மீர் மிளகாய் மூன்று கலந்துகொள். தேங்காய் சேர்க்காத பொடி மூன்று மாதம் இருக்கும். தேங்காய் அரைத்த விழுதை குளிர்பெட்டியிலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே.

கேள்வி: வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறது, சில சமயம் ஓரம் முறுகிச் சிவக்கிறது. (கானாடுகாத்தான்)

பதில்: உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பு. அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவி. எவ்வளவு சரியாமல் நிற்கிறதோ அதுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரை. மிக்ஸி என்றால் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரை, மாவு சூடாகக் கூடாது. உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால், கால் தேக்கரண்டி சர்க்கரை. சர்க்கரை கூடினால் சிவக்கும். மாவைப் புளிக்க விடாமல் உடனே சுடவேண்டும்.

ஓரம் சல்லடையாக முறுகினால் மாவு தண்ணீர், ஒரு கரண்டி அரிசி மாவு சேர். எழும்பாமல் அடியில் உட்கார்ந்தால் ஒன்று எண்ணெய் காயவில்லை, இல்லை மாவு கெட்டி. நடுவில் ஒரு கரண்டி ஊற்றினால் தானே மேலே வந்து உப்ப வேண்டும். திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரக்காரர்களுக்கு இந்தப் பலகாரம் சரிப்படாது.

கேள்வி: இனிப்புச் செய்யப் போட்ட கவுனி அரிசி (கறுப்பு அரிசி) எட்டு விசில் விட்டும் விறைப்பாக இருக்கிறது. (திருப்பத்தூர்)

பதில்: ராத்திரியே ஊறப்போடு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிடு, நிறம் அதில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு நான்கு தண்ணீர். விரலில் நசுங்கும் முன் சர்க்கரை போட்டிருப்பாய். சர்க்கரை விழுந்தால் அரிசி அதற்கு மேல் குழையாது. நன்றாக வெந்ததும் மசித்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலம், நெய் சேர்.

கேள்வி: சித்திரை வெயிலில் இட்லி மாவு காலைக்குள் புளித்துப் பொங்கி வழிகிறது. (புதுவயல்)

பதில்: இரவு ஏழு மணிக்கு அரைக்காதே, பத்து மணிக்கு அரை. அந்த வெயிலில் ஆறு மணி நேரம் போதும். வெந்தயம் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்து. பாதி மாவை அரைத்ததுமே குளிர்பெட்டியில் வைத்துவிடு, தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு வெளியே எடு. ஏற்கெனவே புளித்த மாவில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் சுடு.

கேள்வி: உப்புக்கறிக்கு மல்லித்தூள் எவ்வளவு, ஆச்சி? (மதுரை)

பதில்: ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஆட்டுக்கறி அரைக்கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பதினைந்து பல், விதை உதிர்த்த வரமிளகாய் பன்னிரண்டு, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். தூள் போட்டால் அது வேறு கறி.