பேரு பெரிசு, படம் மங்கல்: லென்ஸ் கேள்வி பதில்

பெரிய கம்பெனி என்று நம்பி லென்ஸ் வாங்கியவர்கள் நம் மாவட்டத்திலிருந்து கேட்டவை.

முட்டம்: அண்ணாச்சி, நிக்கான் 43-86 மி.மீ. ஜூம் சல்லிசா வந்தது. கடலை எடுத்தா தொடுவானம் வளைஞ்சு கெடக்கு. அடாப்டர் கோளாறா?

அடாப்டரை (வேறு கேமராவில் மாட்ட உதவும் வளையத்தை) திட்டாதீர்கள் தம்பி, அந்த லென்ஸ் பிறந்ததே அப்படித்தான். 1963-இல் வந்தது. ஜூம் முழுக்க மாறாத எஃப்/3.5 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), கையடக்க உடம்பு, 52 மி.மீ. ஃபில்டர் என எல்லாவற்றையும் 9 கண்ணாடிக்குள் அடக்கப் பார்த்தார்கள், பலியானது நேர்கோடு. தொடுவானத்தைப் படத்தின் மேல்பகுதியில் வைத்தால் 43-இல் நடு மேடாகும், 86-இல் நடு தொங்கும். நட்டநடுவில் வைத்தால் வளையாது. அப்படியே எடுத்து, பிறகு வேண்டாத வானத்தையோ மணலையோ வெட்டுங்கள். 1970-களில் 11 கண்ணாடியாக மாற்றிச் செய்தது எவ்வளவோ தேவலை. ஏஐ வளையம் (துளை அளவைக் கேமராவுக்குச் சொல்லும் நிக்கான் வளையம்) இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழையதற்கும் அந்த வளையத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

நாகர்கோவில்: சைஸ் (Zeiss) கம்பெனி சி சோனார் 50 மி.மீ. எஃப்/1.5. முழுசா திறந்தா கண்ணு கூர்மை. 2.8-க்கு மூடினா கண்ணை விட்டுக் காதுக்குப் போயிடுது. ரிப்பேருக்குக் கொடுக்கணுமா?

கொடுத்தாலும் இது போகாது. ஃபோகஸ் நகர்வு என்போம். லென்ஸின் ஓரம் வழியாக வரும் ஒளி முன்னால் குவிகிறது, நடு வழியாக வருவது சற்றுப் பின்னால் குவிகிறது. அபர்ச்சரை, அதாவது ஒளித்துளையை, மூடினால் ஓர ஒளி அடைபட்டு நடு ஒளி மட்டும் மிஞ்சும், அதனால் கூர்மையான தளம் பின்னே போகிறது. சோனார் 1930-களின் வடிவம். ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் பூச்சு இல்லாத அந்தக் காலத்தில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு குறைந்தால் ஒளிச்சிதறல் குறையும் என்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தார்கள். அந்தக் குணம் இன்றும் கூடவே வருகிறது.

ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, 1 மீட்டரில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 1.5-இல் நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் வைத்து, வளையத்தைத் தொடாமல் 2, 2.8, 4, 5.6 என எடுங்கள். எவ்வளவு நகர்கிறது என்று அதிலேயே தெரியும். மிரர்லெஸ் (லென்ஸ் காண்பதையே திரையில் காட்டும் கேமரா) என்றால் முதலில் 2.8-க்கு மூடிவிட்டுப் பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாக ஃபோகஸ் பார்க்கும் கேமராவில்) ஃபோகஸ் செய்தபின் உடம்பைக் கொஞ்சம் பின்னே சாய்க்க வேண்டும். 5.6-க்கு மேல் புலத்தின் ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் பரப்பு) காப்பாற்றிவிடும்.

தக்கலை: கேனன் 50 மி.மீ. எஃப்/1.2 எல்-லும் அதே கூத்துதானா? கல்யாண வேலைக்கு வச்சிருக்கேன்.

ஆமாம். கிட்டத்தில் பிழையைத் திருத்தும் தனி நகர்வுக் கண்ணாடி அதில் இல்லை. எஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த) கேமரா முழுத் திறப்பில் ஃபோகஸ் பார்த்து, படம் விழும்போதுதான் அபர்ச்சரை மூடுகிறது. 1 மீட்டருக்குள் 2 முதல் 2.8 வரைதான் சிக்கல். கேமராவில் ஃபோகஸ் நுண்திருத்தம் போட்டால் ஒரு அபர்ச்சர் சரியாகும், இன்னொன்று கெடும். கிட்டத்தில் 1.2 அல்லது 4, இடைப்பட்டது வேண்டாம்.

மார்த்தாண்டம்: சோனி 24-70 எஃப்/4, சைஸ் பேரு போட்டது. மாத்தூர் தொட்டிப்பாலத்துல ஓரத்துத் தூண் எல்லாம் கரைஞ்சு போச்சு.

ஓரம் சுமார் என்பது வந்த நாளிலிருந்தே அதன் மேல் உள்ள குறை. ஆனாலும் உங்கள் பீஸில் கண்ணாடி மையம் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலை வேளையில், வெக்கையில் காற்று அலையாடுவதற்கு முன், தூரத்துக் கோபுரம் ஒன்றை எஃப்/4-இல் நடுவில் ஃபோகஸ் செய்து பூட்டுங்கள். பிறகு அதே கோபுரத்தை நாலு மூலைக்கும் கொண்டுபோய் நாலு படம். ஒரு மூலை மட்டும் மோசம் என்றால் பீஸ் கோளாறு, திருப்பிக் கொடுங்கள். நாலும் ஒரே மாதிரி என்றால் வடிவமே அப்படி, எஃப்/8-இல் எடுங்கள். மூலையில் வைத்து ஃபோகஸ் செய்தால் அங்கே கூர்மை வந்துவிடுகிறதா? அப்படியானால் கூர்மைத் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது.

கன்னியாகுமரி: லைக்கா சும்மார் 50 மி.மீ. எஃப்/2. சூரிய உதயம் எடுத்தா பால் ஊத்தினது போல வெளுக்குது.

1933-இல் வந்த வடிவம், பூச்சு கிடையாது, முன்கண்ணாடி வேறு மிருதுவானது. பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலக் கீறல் தெரிந்தால் அது பழைய துடைப்பின் வேலை. உள்ளே புகை மாதிரி இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யலாம், பலன் தெரியும். கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், கண்ணாடியின் வளைவே மாறிவிடும். ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளி மறைப்பு) போட்டு, சூரியனைப் பாறை மறைக்கிற இடமாக நில்லுங்கள். கடற்கரையில் உப்புத்தூசி படிந்தால் முதலில் ஊதுபம்பு. கைலி முனையால் துடைக்கவே கூடாது.