வீட்டில் உட்கார்ந்து படிக்கும் ஓராண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அப்பா மில் தொழிலாளி. அரசுப் பள்ளியில் படித்துத்தான் நான் பொறியாளர் ஆனேன். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதானே? பிறகு எதற்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு? தனியார் பள்ளியில் படிக்கும் என் மகள் அவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காவிட்டால் அது நியாயமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரே வினாத்தாளை யார் எத்தனையாவது முறை எழுதுகிறார்கள் என்று பாருங்கள். தமிழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், மறுமுறை தேர்வெழுதி வந்தவர்கள், இங்கே நீட் வருவதற்கு முந்தைய 2016-17-இல் 12 சதவீதம் சொச்சம். 2020-21-இல் 71 சதவீதத்துக்கும் மேல். நீட்டின் விளைவுகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை சொல்லும் கணக்கு இது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஓராண்டு வேலைக்கு அனுப்பாமல், பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டிப் படிக்கவைக்க எத்தனை வீடுகளால் முடியும்?

திருப்பூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் அரசுப் பள்ளியில் படித்தாள். உயிரியலில் கெட்டிக்காரி. தேர்வு முடிந்ததுமே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போய்விட்டாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, பழைய வினாத்தாளைப் பிரித்து வைத்தபடியே தூங்கிவிடுவாள். இன்னொரு முறை எழுதட்டுமே என்றேன். "ஏலச்சீட்டுப் பணம் யாருங்க கட்டுவது?" என்று கேட்டார் அவள் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் கொடுத்த, நீட்டுக்கு முந்தைய காலமும் பொற்காலம் ஒன்றும் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல், இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போடவைத்த தனியார் பள்ளிகள் பல. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. காசுள்ள வீடு பிள்ளைக்குக் கூடுதல் காலத்தை வாங்கிக் கொடுக்கிறது. அது மதிப்பெண்ணாக மாறி வரும்போது நாம் அதைத் திறமை என்று மட்டும் பார்க்கிறோம்.

7.5 சதவீதச் சட்டம் 2020-இல் வந்தது. முக்கியமாக, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது பொருந்தும். அவர்களும் நீட் எழுதித் தேற வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டே அந்த எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டது என்பதே இதில் எனக்குள்ள குறை. அங்கேயும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஏராளம்.

மாநில ஒதுக்கீட்டில் மீதி 92.5 சதவீத இடங்களுக்கு உங்கள் மகள் போட்டியிடலாம். அங்கே அவளை முந்தப்போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிறவர்கள். அவள் முதல் முறை எழுதுகிறாள் என்றால், நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.