சார்புகளை வைத்து ஒரு கேண்டிடேட் கீ கண்டுபிடித்துவிட்டேன். அத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா?

நிறுத்திக்கொள்ளக் கூடாது. (கேண்டிடேட் கீ என்பது தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும், மிகையில்லாத புலங்களின் தொகுப்பு. சார்பு என்பது சில புலங்கள் தெரிந்தால் வேறு புலங்களும் தெரிந்துவிடும் என்ற விதி.) நீங்கள் செமஸ்டர் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். நான் சறுக்கியது தேர்வில் அல்ல, வேலையில்.

ஒரு பள்ளிக்குக் கால அட்டவணை மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பாடவேளை, ஆசிரியர், வகுப்பு, அறை, பாடம் என ஐந்து புலங்கள். பாடவேளை என்பது கிழமையும் சேர்ந்தது. பள்ளியின் விதிகளிலிருந்து கிடைத்த சார்புகள் நான்கு: ஆசிரியரும் பாடவேளையும் தெரிந்தால் வகுப்பு தெரியும், வகுப்பும் பாடவேளையும் தெரிந்தால் ஆசிரியரும் அறையும் தெரியும், அறையும் பாடவேளையும் தெரிந்தால் வகுப்பு தெரியும், ஆசிரியர் தெரிந்தால் பாடம் தெரியும். ஓர் ஆசிரியர் இரண்டு பாடம் எடுக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். அந்தப் பள்ளியில் எடுக்கவில்லை, சார்பு என்பது அந்தந்த இடத்து விதிதான்.

பாடவேளை எந்தச் சார்பின் வலப்பக்கத்திலும், அதாவது ‘தெரிந்தால்’ என்பதற்குப் பிறகு, வரவில்லை. எனவே எல்லா கீயிலும் அது இருந்தே தீர வேண்டும். (எந்தச் சார்பிலுமே வராத புலத்துக்கும் இதே கதிதான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.) பாடம் வலப்பக்கத்தில் மட்டும் வருவதால் எந்த கீயிலும் வராது. பாடவேளையின் குளோஷர் (அதை வைத்து அறியக்கூடிய எல்லாப் புலங்களும்) அது மட்டுமே என்பதால், அதனுடன் ஆசிரியரைச் சேர்த்தேன். வகுப்பு, அறை, பாடம் என எல்லாம் வந்துவிட்டன. கீ கிடைத்த மகிழ்ச்சியில் அதற்கு மட்டும் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்புகள் இரண்டு வரிசைகளில் வராமல் தடுப்பது) போட்டு வேலையை முடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை நான்காவது பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே கணினி ஆய்வகத்தின் வாசலில் வரிசையாக நின்றன. ஆசிரியர்கள் வேறு வேறானவர்கள் என்பதால் தரவுத்தளம் இரண்டு வரிசைகளையும் முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டதை இங்கே எழுத முடியாது.

எல்லா கீகளையும் கண்டுபிடிக்க லூக்கேசி, ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட வழியைப் பின்பற்றியிருந்தால் இது நடந்திருக்காது. கிடைத்த கீயிலிருந்து ஒரு சார்பின் வலப்பக்கத்தை நீக்கி, அதன் இடப்பக்கத்தைச் சேர்த்தால் வருவது ஒரு சூப்பர் கீ, அதாவது வரிசையை அடையாளம் காட்டினாலும் மிகையான புலங்கள் இருக்கக்கூடிய தொகுப்பு. அதில் மிகையானவற்றை நீக்கிச் சுருக்கினால், ஏற்கெனவே கண்ட கீயோ புதிய கீயோ கிடைக்கும். ஆசிரியர், பாடவேளை என்பதில் இரண்டாவது சார்பைப் பொருத்தினால் வகுப்பு, பாடவேளை வருகிறது. அதில் மூன்றாவது சார்பைப் பொருத்தினால் அறை, பாடவேளை வருகிறது. எல்லா கீகளிலும் எல்லாச் சார்புகளையும் பொருத்திப் பார்த்துப் புதிதாக எதுவும் வராதபோதுதான் நிறுத்தலாம். இங்கே மூன்றுடன் முடிகிறது.

தானாக ஏறும் ஐடி எண்ணைப் பிரைமரி கீயாக (வரிசையின் முதன்மை அடையாளமாக) வைத்தால் போதாதா என்று எழுத வருபவர்களுக்கு: அந்த அட்டவணையிலும் ஐடி இருந்தது, ஆய்வக வாசலில் நின்ற இரண்டு வகுப்புகளுக்கும் தனித்தனி எண்ணை அது அழகாகக் கொடுத்திருந்தது.

விடுபட்ட இரண்டு யூனிக் கட்டுப்பாடுகளையும் அன்று மாலையே போட முயன்றேன்; ஏற்கெனவே மோதிக்கொண்டிருந்த வரிசைகளைத் தலைமை ஆசிரியருடன் உட்கார்ந்து கையால் திருத்தும் வரை தரவுத்தளம் அவற்றை ஏற்கவில்லை.