சவாசனத்தில் தனி ஆவர்த்தனம் வேண்டாம்
யோகா வகுப்புக்கான இசை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கோயில் மண்டபம் ஒன்றில் வாரம் இரண்டு மாலை யோகா சொல்லித் தருகிறேன். ஒரு மணி நேரம், இருபது பேர். எதைப் போட்டாலும் யாராவது குறை சொல்கிறார்கள். என்னதான் போடுவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் உறுத்துவது தாளம்தான். தாளம் காதில் விழுந்தால் உடம்பு அதோடு போகும், மூச்சு பின்னால் இழுபடும். சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளை, நிலைக்கு நான்கைந்து விநாடி வைத்துச் செய்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். பின்னால் மிருதங்கம் துரிதமாக ஓடிக்கொண்டிருந்தால், யாரும் அவசரப்படுத்தாமலே அந்தச் சுற்று சுருங்கிவிடும். இருபது வயதுப் பெண்ணின் மூச்சும் எழுபது வயது ஐயாவின் மூச்சும் ஒரே நீளமில்லை. தாளம் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும்.

தாளமில்லாத இசையைத் தேடி நாம் எங்கும் போக வேண்டாம், ஆலாபனை இருக்கிறது. வீணையோ புல்லாங்குழலோ எடுத்துக்கொள்ளுங்கள். வீணையில் ஒரு மீட்டு எழுந்து அடங்கும் இடைவெளியில் உங்கள் குரலுக்கு இடம் கிடைக்கும். நாகஸ்வரம் வெட்டவெளி வாத்தியம், மண்டபத்துக்குள் ஆகாது. ஜலதரங்கத்தின் 'ணங்' ஓசை, கண்மூடிப் படுத்திருப்பவரைத் திடுக்கிட வைக்கும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் முதல் ஐந்து நிமிடம் இசையே வேண்டாம். அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்கட்டும். உடம்பைத் தளர்த்தும் பயிற்சி தொடங்கும்போது தம்புரா மட்டும். சூரிய நமஸ்காரத்துக்கும் நின்று செய்யும் ஆசனங்களுக்கும் சேர்த்து 25 நிமிட ஆலாபனை போதும். ஒரு பக்கத்துக்கு ஐந்து மூச்சு நிற்கச் சொன்னால் 30 முதல் 40 விநாடி ஆகும். அதை உங்கள் குரல் எண்ணட்டும், பாட்டு எண்ண வேண்டாம். பிராணாயாமத்துக்கு மறுபடி மௌனம். எண்ணிக்கை தப்பும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வண்டுபோல் ரீங்கரித்து மூச்சு விடும் பிராமரியில் கேட்க வேண்டியது அவரவர் ரீங்காரம். வெளியே இன்னொரு சுருதி ஒலித்தால் இரண்டும் மோதும். கடைசிப் பத்து நிமிடச் சவாசனத்தில் நீலாம்பரி மாதிரி தாலாட்டுக்குப் பழகிய ராகத்தை மெல்ல ஓட விட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிறுத்துங்கள். சட்டென்று நிறுத்தினால் அந்த அமைதியே ஆளை எழுப்பிவிடும்.

ஆலாபனை என்று பேர் போட்ட பதிவை முழுவதும் கேட்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். எட்டாவது நிமிடத்தில் கீர்த்தனை தொடங்கி மிருதங்கம் சேர்ந்துகொள்ளும். ராகம் தானம் பல்லவி என்றால் முதல் பகுதியான ராகம் முடிந்ததும் வெட்டிவிடுங்கள். அடுத்து வரும் தானத்தில் தாளம் இல்லாவிட்டாலும் துடிப்பு வந்துவிடும். கச்சேரிப் பதிவாக இருந்தால் கைதட்டலைப் பாருங்கள். சவாசனத்தின் ஆழத்தில் இருநூறு பேர் கைதட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுபபந்துவராளி, முகாரி இரண்டையும் சவாசனத்துக்கு நான் சொல்ல மாட்டேன். வீட்டில் துக்கம் நடந்தவர் வந்திருந்தால் கண்ணீர் வரும். இந்த ராகம் சர்க்கரையைக் குறைக்கும், அந்த ராகம் ரத்த அழுத்தத்தை இறக்கும் என்றெல்லாம் வகுப்பில் அறிவிக்காதீர்கள். யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் பழி உங்கள் மேல்.

கேள்வி: ஓம் சொல்லும்போது ஆண்கள் ஒரு சுருதி, பெண்கள் ஒரு சுருதி, தம்புரா செயலி இன்னொரு சுருதி. எப்படிச் சேர்ப்பது?
– வாசகர், மெரிபேங்க்

பதில்: செயலியை 5 கட்டையில் (மேற்கத்திய முறையில் G) வையுங்கள். பெண்களில் பலருக்கு அதுதான் பாடும் சுருதி, அவர்களுக்கு அது ஷட்ஜமம் ('ச'). 1 கட்டையில் (C) பாடும் ஆண்களுக்கு அதே இடம் பஞ்சமம் ('ப'). தொண்டையை நெரிக்காமல் வரும். ஒரே ஸ்வரத்தில் நிற்கிற ஓங்காரத்துக்கு இதற்கு மேல் ஏற்பாடு வேண்டாம். பாட்டாகப் பாடத் தொடங்கினால்தான் ஆண்கள் மேலே போக முடியாமல் தவிப்பார்கள்.

தம்புராவைப் போனின் சொந்த ஒலிபெருக்கியில் போடாதீர்கள். அத்தனை சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஒலிகள் வராது. கொசு பறப்பது போல ஒரு இரைச்சல்தான் மிஞ்சும். மின்கலத்தில் ஓடும் சிறிய புளூடூத் ஒலிபெருக்கி போதும், மின்வெட்டு வந்தாலும் வகுப்பு நிற்காது. இணையத்தை நம்பாமல் எல்லாவற்றையும் முன்பே போனில் இறக்கி வையுங்கள். மின்சாரம் போனால் வைஃபையும் போகும். இறக்கி வைத்தால் நடுவில் விளம்பரமும் வராது. போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு புளூடூத்தை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் உங்கள் அத்தையின் அழைப்பு மண்டபம் முழுக்க ஒலிக்கும்.

ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் காதுக்கு நேராக இருக்கும். நாற்காலி உயரத்தில், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஒலி சுவரில் பட்டுப் பரவி வரும். அளவு சரியா என்று பார்க்க, கடைசிப் பாயில் நீங்களே போய்ப் படுங்கள். வேறொருவரை உங்கள் இடத்திலிருந்து சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். ஒரு சொல் விடுபட்டாலும் இசையைக் குறைக்க வேண்டும். தகரக் கூரை மண்டபமானால் மழைநாளில் ஒலியைக் கூட்டிப் போட்டி போடாதீர்கள், அணைத்துவிடுங்கள். மழையே போதும்.

கேள்வி: முருகன் பாடல்கள் போடலாமா? வகுப்பில் கிறிஸ்தவர்களும் ஜூலுப் பெண்களும் இருக்கிறார்கள்.
– வாசகி, டொங்காட்

பதில்: அவர்களுக்கு முன்னால் நம்மவர்களையே நினையுங்கள். சாமி பாட்டு கேட்டால் காலை நீட்டிப் படுக்க நம் பாட்டிமாருக்கு மனம் வராது. எழுந்து உட்கார்ந்து கும்பிடுவார்கள். சொற்கள் தெரிந்த பாட்டென்றால் உதடு தானாகப் பாடும், மூச்சுக் கணக்கு போய்விடும். உருமி, உடுக்கை உள்ள காவடிப் பாட்டு அறவே வேண்டாம். தைப்பூசத்தில் அருள் வந்து பழகியவர் கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடும் நேரத்தில் அந்த அடி கேட்டால், அவரைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருக்கும். மற்ற சமயத்தாருக்கு, ஓங்காரத்தின்போது சும்மா இருக்கலாம் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறேன். பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறேனே, அது போதாதா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: போதாது. ஸ்பாட்டிஃபை போன்றவற்றின் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும். தென்னாப்பிரிக்காவில் பொது இடத்தில் பாட்டு ஒலிக்க இரண்டு தரப்பின் உரிமை இருக்கிறது. பாட்டை இயற்றியவர்களுக்காகக் கட்டணம் வாங்கும் அமைப்பு சாம்ரோ (SAMRO), ஒலிப்பதிவின் உரிமைக்காக வாங்குவது சாம்ப்ரா (SAMPRA). ஒன்றுக்குக் கட்டினால் மற்றது தீர்ந்ததாகாது. மண்டபத்துக்காரர்கள் ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கலாம். முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைக்கு யாரும் காசு கேட்க முடியாது என்று வாதாடுவார்கள். கீர்த்தனைக்குச் சரி, போன வருடம் ஒருவர் அதை வாசித்துப் பதிவு செய்ததற்கு உரிமை உண்டு. வீணை வாசிக்கத் தெரிந்த நண்பரை உட்கார வைத்து, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, அரை மணி ஆலாபனை பதிவு செய்துகொள்வது என் கணக்கில் எல்லாவற்றிலும் மலிவு.

கேள்வி: ஜூன் 21 யோகா தினத்துக்கு டர்பன் கடற்கரையில் வகுப்பு வைக்கிறோம். காலை 6 மணி. என்ன இசை?
– வாசகர்கள் குழு, டர்பன்

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். 2015இலிருந்து கொண்டாடப்படும் இந்த நாள் வட கோளத்தின் நீண்ட பகல். நமக்கோ வருடத்தின் மிகக் குறுகிய பகல். டர்பனில் சூரியன் எழவே ஏறக்குறைய 6.50 ஆகும். அலையோசை மெல்லிய இசையை விழுங்கிவிடும், அதை மீறி வைத்தால் உங்கள் குரல் கேட்காது. ஒலிபெருக்கியை மைக்குக்கு விட்டுவிடுங்கள். மைக்கின் தலையில் பஞ்சுறை மாட்டாவிட்டால் காற்றின் 'புஸ் புஸ்' மட்டும்தான் கேட்கும். ஈர மணல் குளிரும். சவாசனம் ஐந்து நிமிடம் போதும், போர்வை கொண்டுவரச் சொல்லுங்கள்.