வாட்சில் 58, பேண்டில் 77: எதை நம்புவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட், அது காட்டும் இதயத் துடிப்பு பற்றியவை. அதனால் மிக்சி, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த பேண்டை இரண்டு மாதமாகக் கட்டியிருக்கிறேன். அதில் 'ரெஸ்டிங் ஹார்ட் ரேட்' (சும்மா இருக்கும்போதுள்ள துடிப்பு) என்று தினமும் ஓர் எண் வருகிறது. முதலில் 68, 70 என்று இருந்தது, இப்போது ஒரு வாரமாக 75, 77. பக்கத்து சீட் நண்பருக்கும் என் வயதுதான், அவருடைய கார்மின் வாட்ச் 58 காட்டுகிறது. என் பேண்ட் விலை குறைந்தது என்பதால் தப்பாகக் காட்டுகிறதா? 20,000 ரூபாய் போட்டு நல்ல வாட்ச் வாங்கிவிடலாமா? (திருச்சி வாசகர்)

வாங்காதீர்கள், இந்த ஒரு காரணத்துக்காக மட்டுமாவது வாங்காதீர்கள். உங்கள் பேண்ட் சரியாகவே வேலை செய்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பு இருந்தால் இயல்பு என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கு 50, ஏன் 40க்குப் பக்கத்தில்கூட இருக்கும். ஆக 60ஐ ஒட்டிய 58ம் இயல்பு, 77ம் இயல்பு. அப்புறம், நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒரே விஷயத்தை அளந்தவை அல்ல. கார்மின் ஒரு நாளின் 24 மணி நேரத்தில் துடிப்பு எந்த 30 நிமிடத்தில் மிகக் குறைவாக இருந்ததோ அதன் சராசரியை எடுக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தூக்கத்தில்தான் வரும். ஆப்பிள் வாட்ச் நாம் விழித்திருந்து அசையாமல் இருக்கும் நேரத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. ஃபிட்பிட் தூக்கம், விழிப்பு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. தூங்கும்போது துடிப்பு நன்றாகவே இறங்கும் என்பதால் ஒரே மனிதர், ஒரே நாளில், இரண்டு கம்பெனி வாட்சைக் கட்டினாலே ஏழெட்டு எண் வித்தியாசம் வந்துவிடும். விலை குறைந்த பேண்டுகள் பலவற்றில் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று ஆப்பிலும் சொல்வதில்லை, பெட்டியிலும் போடுவதில்லை. நண்பரின் 58ஐ மறந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் எண்ணை, அதுவும் அதே பேண்டில். நேற்று 70, இன்று 74 என்பதில் ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் ஏறும், சரியாகத் தூங்காவிட்டால் ஏறும், மது குடித்த இரவில் நன்றாகவே ஏறும், மே மாதப் புழுக்கத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் ஏறும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பும் கிட்டத்தட்ட 10 கூடும், சிலருக்கு உடம்பு கொதிப்பது தெரிவதற்கு முன்பே பேண்டில் தெரிந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரண்டு மூன்று கூடுவதும், கர்ப்பத்தில் இன்னும் அதிகமாகக் கூடுவதும் இயற்கை. ஆகவே ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் ஆப்பைத் திறந்து ஒரு மாத எண்களைக் காட்டும் வரைபடக் கோட்டைப் பாருங்கள். உங்கள் கோடு 69ல் கிடந்து, ஒரு வாரமாக 76ல் நிற்கிறது என்றால் அது ஒரு சேதி. இந்த ஒரு வாரத்தில் என்ன மாறியது? சளி, இருமல், புதிய மாத்திரை, ஆஸ்துமா பஃப், வேலை நெருக்கடி, நடைப்பயிற்சி நின்றது, இவற்றில் ஏதாவது உண்டா? காரணம் தெரிந்து, அது போனதும் எண் இறங்கிவிட்டால் விட்டுவிடலாம்.

பேண்டின் மேல் சந்தேகம் வந்தால் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், விரல் போதும். காலையில் எழுந்து, காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, அதை எண்ணிவிடுவோம். கடிகாரத்தைப் பார்த்து முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பு தவறினாலும் நான்கு தவறிவிடும். அதே நிமிடத்தில் பேண்ட் காட்டும் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் மூன்று நான்குக்குள் வித்தியாசம் இருந்தால் பேண்ட் நல்ல பேண்ட். மூன்று நாள் பார்த்தால் போதும்.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய பேண்ட் ஒன்றை, எத்தனை அடி நடக்கிறார் என்று பார்க்கத்தான் அவர் கையில் கட்டிவிட்டேன். 72, 73 என்று ஒரு வருடம் நின்ற எண் மெல்ல 80, 84, 86 என்று ஏறியது. முதலில் வளையல் மேல் பழி போட்டேன், ஏனென்றால் கண்ணாடி வளையல்கள் பேண்டைத் தள்ளித் தள்ளி அது மணிக்கட்டு எலும்பின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. வளையலைக் கீழேயும் பேண்டை ஒரு விரல் மேலேயும் ஏற்றிக் கட்டினேன். அப்போதும் 86. பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணினேன். முதல் தடவை பாதியில் பால்காரருக்குப் பதில் சொல்ல எழுந்துவிட்டார், திரும்ப முதலிலிருந்து எண்ணினேன், 85 வந்தது. கேட்டால் "மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்றார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4, அதாவது ரத்தசோகை, ரத்தம் குறைந்ததால்தான் இதயம் வேகமாகத் துடித்திருக்கிறது. மூட்டுவலிக்கு அவராகவே கடையில் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்து, நான்கு மாதத்தில் எண் 74க்கு வந்தது. 86 என்பது புத்தகக் கணக்கில் இயல்பான எண்தான், அம்மாவுக்குத்தான் அது இயல்பில்லை. இதைத் தெரிந்துகொள்ள அந்தப் பழைய பேண்டே போதுமாயிருந்தது.

சும்மா இருக்கும்போதே 100க்கு மேல் நாள் கணக்கில் நிற்கிறது, அல்லது விளையாட்டுப் பழக்கமில்லாத ஒருவருக்கு 50க்குக் கீழே போய்த் தலைசுற்றலோ சோர்வோ வருகிறது, அல்லது விரல் வைத்துப் பார்க்கையில் துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் பேண்டையே பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். நாங்கள் வாங்கிக் கொடுத்த வாட்ச் 52, 54 என்று காட்டி, ராத்திரியில் அடிக்கடி எச்சரிக்கை அடிக்கிறது. அம்மா பயந்துபோய் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். (விருதுநகர் வாசகி)

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகை மாத்திரைகளின் வேலையே துடிப்பைக் குறைப்பது. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பிபியும் துடிப்பும் எகிறும், ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். தூக்கத்தில் 52 என்பது இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குப் பயப்படும் எண் அல்ல. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, முன்பு நடந்த தூரம் இப்போது முடியவில்லையா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். போகும்போது ஒரு மாத எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், போனை நீட்டினால் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

எச்சரிக்கை எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்பதைப் பல வாட்சுகளில் மாற்ற முடியும், எந்த எண் வைக்கலாம் என்று அதே டாக்டரிடம் கேட்டு வைத்துவிடுங்கள், அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார். இன்னொன்று: வயதானவர்களுக்குத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் இருந்தால், பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டு வரை வருவதில்லை, வாட்ச் அவற்றை எண்ணாமல் விட்டு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எனவே ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: மெதுவாக ஓடும்போது பேண்ட் 165 காட்டுகிறது. எனக்கு மூச்சே வாங்கவில்லை, பேசிக்கொண்டே ஓடுகிறேன். கொஞ்சம் கறுப்பு நிறம், கையில் டாட்டூவும் உண்டு. அதனாலா? (கோவை வாசகர்)

அது உங்கள் காலடிகளின் எண்ணிக்கையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேண்டின் அடியில் எரியும் பச்சை விளக்கை ரத்தம் உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாயும்போது திரும்பி வரும் வெளிச்சம் சற்றுக் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. ஓடும்போது கை ஆட, பேண்ட் ஆட, வெளிச்சமும் அதே தாளத்தில் ஆடுகிறது. மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்போம், பேண்ட் அந்தத் தாளத்தைத் துடிப்பென்று பிடித்துக்கொள்ளும். சட்டென்று நின்று, உடனே விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள் (இங்கே 15 நொடிதான் சரி, நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கும்). நான்கால் பெருக்கி 130 பக்கம் வந்தால், பேண்ட் எண்ணியது காலடியைத்தான் என்று புரிந்துவிடும்.

நிறத்தைப் பற்றி: 2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பல வாட்சுகளைப் பல தோல் நிறங்களில் சோதித்தார்கள். நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை, அசைவால்தான் வந்தது. டாட்டூ வேறு கதை, அடர்ந்த மை வெளிச்சத்தை மறைத்துவிடும், மற்றக் கையில் கட்டுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கமாக. பயிற்சியைத் துடிப்பு பார்த்தே செய்பவர் என்றால் மார்பில் கட்டும் பட்டை வாங்குங்கள், அது ஈசிஜி போல இதயத்தின் மின்னோட்டத்தைப் பிடிப்பதால் கை ஆடுவது அதைப் பாதிக்காது.

கேள்வி: 1,800 ரூபாய்க்குக் கடையில் வாங்கிய வாட்ச். பெட்டியில் இதயத் துடிப்பு, பிபி, சுகர் மூன்றும் பார்க்கும் என்று போட்டிருந்தது. வாழைப்பழத்தில் கட்டிப் பார்த்தோம், 78 காட்டுகிறது! திருப்பிக் கொடுக்கப் போனால் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

வாழைப்பழத்தை வைத்து வழக்குப் போடாதீர்கள். பழத்திலும் வெளிச்சம் பட்டுத் திரும்பும், சின்ன அசைவையும் வெளிச்ச மாற்றத்தையும் துடிப்பென்று எடுத்துக்கொண்டு விலை உயர்ந்த வாட்சுகள்கூட சில நேரம் எண் காட்டிவிடும். உங்கள் வலுவான பிடி சுகர்தான். மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இதில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இப்படியொரு வாட்சில் 110 என்று பார்த்துவிட்டு இன்சுலின் அளவை மாற்றுகிறவர் உயிரோடு விளையாடுகிறார். வீட்டில் சுகர் இருப்பவர் யாராவது அதைப் பார்த்து மருந்து சாப்பிட்டால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பிபியும் அப்படித்தான், அந்த வசதி உள்ள சாம்சங் வாட்சுகளிலேயே, மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் பிபி கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். வெறும் பட்டனை அழுத்தினால் 120/80 காட்டும் வாட்சை நம்பவே வேண்டாம்.

வாபஸ் இல்லை என்று அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இல்லாத வசதியை இருப்பதாகப் பெட்டியில் போடுவது தனிக் குற்றச்சாட்டு. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் திரும்பக் கடைக்குப் போவதற்கு முன்னால் பில்லையும், பெட்டியில் 'பிபி, சுகர்' என்று அச்சடித்த பக்கத்தையும் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாட்சோடு பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.