அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டு நீக்க முடியுமா? அப்படிப் பதவி இழந்தவர் யாராவது உண்டா?

கலிபோர்னியாவில் முடியும், நடந்தும் இருக்கிறது. 2022 நவம்பரில் எனக்கு வந்த ஓட்டுச்சீட்டிலேயே நான்கு நீதிபதிகளின் பெயர் இருந்தது. எதிர்த்து நிற்பவர் யாரும் கிடையாது. பதவியில் தொடரலாமா என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். ஆளுநர் நியமித்தவரை மக்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். 1986-இல் மட்டும் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் குரூஸ் ரெய்னோசோ. அவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

1931-இல் பிறந்தவர். மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைக்கூலிக் குடும்பம், பதினொரு பிள்ளைகள். லா ஹாப்ரா என்ற கலிபோர்னிய ஊரில் அவர்கள் தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். பையன் ஒரு மனு எழுதினான், அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கினான், வாஷிங்டனுக்கு அனுப்பினான். தபால் வந்தது.

சட்டம் படித்துவிட்டு, ஏழை விவசாயத் தொழிலாளர்களுக்கான சட்ட உதவி அமைப்பை நடத்தினார். அப்புறம் 1982-இல் மாநில உச்ச நீதிமன்றம். அங்கே அமர்ந்த முதல் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அவர்தான்.

1984-இல் அவர் எழுதிய அகிலார் தீர்ப்பை நான் அடிக்கடி நினைப்பேன். கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஸ்பானிய மொழிதான் தெரியும், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலரும் ஸ்பானிய மொழிக்காரர்கள் என்றதும் அதே மொழிபெயர்ப்பாளரை அவர்களுக்காக எடுத்துக்கொண்டார்கள். சாட்சி சொல்வது இவர் காதில் விழும். நீதிபதி என்ன சொன்னார் என்று புரியாது. "அவன் பொய் சொல்கிறான்" என்று பக்கத்தில் இருக்கும் சொந்த வக்கீலிடம் சொல்வதற்குக்கூட ஆள் இல்லை. விசாரணை முழுக்க மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பது அவருடைய உரிமை, அவரே தெரிந்து விட்டுக்கொடுத்தால் ஒழிய பறிக்க முடியாது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தார்கள்.

தமிழ் மட்டும் தெரிந்த என் மாமியாரோடு இங்கே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய விஷயம், ஆனால் கேள்வி எல்லாம் என்னைப் பார்த்தே வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தீர்ப்பின் அருமை அன்றுதான் எனக்கு உறைத்தது.

சரி, ஏன் தோற்றார்? மரண தண்டனைதான் காரணம். தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் தன்முன் வந்த எந்த மரண தண்டனையையும் உறுதி செய்யவில்லை. அவரை நீக்கக் கிளம்பிய பிரச்சாரம் ரெய்னோசோவையும் ஜோசப் குரோடினையும் சேர்த்து அடித்தது. ரெய்னோசோவுக்கு எதிராகச் சுமார் 60 சதவீத ஓட்டு. கோபமான ஓர் ஆண்டில் ஒரு நீதிபதியின் மொத்த உழைப்பையும் ஓட்டுச்சீட்டின் ஒரே ஒரு கட்டத்தை வைத்து அளந்தது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் சட்டம் கற்பிக்கப் போனார். 2000-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 2011-இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து போராடிய மாணவர்கள் முகத்தில் போலீஸ் மிளகுத் திரவம் அடித்தபோது, 80 வயதில் விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, அது நடக்காமல் தடுத்திருக்க முடியும், தடுத்திருக்கவும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 2021-இல் காலமானார்.