கேள்வி – பதில்: மேசை மேல் டாங்கிச் சண்டை

ராமநாதபுரம் கடலோரத்து வாசகர்கள், வரைபடத்தின் மேல் அட்டைக் காய்களை நகர்த்தி ஆடும் டாங்கிப் போர் ஆட்டங்களில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

துபாயிலிருந்து வந்த உறவினர் 'பான்சர்பிளிட்ஸ்' பழைய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஆடினால், இரு பக்கத்து டாங்கிகளும் காடு விட்டுக் காடு ஓடி ஒளிகின்றனவே தவிர, சண்டை நடப்பதில்லை. விதியைத் தப்பாகப் படிக்கிறோமா?
– வாசகர், கீழக்கரை

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஜிம் டன்னிகன் வடிவமைத்து, 1970-இல் அவலான் ஹில் வெளியிட்ட ஆட்டம் அது. அன்றிலிருந்தே இந்தக் குறை இருக்கிறது. ஆடுகிறவர்கள் அதற்கு 'பான்சர்புஷ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அதில் வரைபடத்தின் ஒரு கட்டம் நிஜ நிலத்தில் 250 மீட்டர், ஆட்டத்தின் ஒரு முறை நிஜப் போரில் 6 நிமிடம். உங்கள் முறை வந்தால் முதலில் சுடுகிறீர்கள், பிறகு நகர்கிறீர்கள். எதிரி நகரும்போது உங்களால் சுட முடியாது. ஆகவே அவன் உங்கள் பீரங்கிக்கு முன்னாலேயே ஒன்றரை கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்துவிடுவான். காட்டுக்குள் இருப்பவனைச் சுட வேண்டுமானால், உங்கள் காய் ஒன்று அடுத்த கட்டத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்ததுதான் வினை.

மருந்து 1974-இல் வந்த 'பான்சர் லீடர்' ஆட்டத்தில் இருக்கிறது: எதிரி நகரும்போதே குறுக்கிட்டுச் சுடும் விதி. அதை இங்கே இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரிக் காய், தன் நகர்வு எண்ணில் (ஒரு முறையில் நகரச் செலவழிக்கக்கூடிய புள்ளிகளில்) கால் பங்கை உங்கள் பார்வையில் படும் இடத்தில் செலவழித்தால், அங்கேயே நிறுத்திச் சுடலாம். சுட்ட காயைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். உங்கள் அடுத்த முறையில் அது சுடவும் கூடாது, நகரவும் கூடாது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டத்தை எண்ணாதீர்கள், புள்ளியை எண்ணுங்கள். சாலையில் ஒரு கட்டத்துக்கு அரைப் புள்ளிதான். நகர்வு எண் 8 உள்ள டாங்கி சாலையில் 4 கட்டம் போன பிறகுதான் கால் பங்கான 2 புள்ளி செலவாகியிருக்கும்.

டாங்கியை டாங்கி சுடும்போது, தூரம் பாதி வீச்சுக்குள் இருந்தால் தாக்கு எண் இரட்டிப்பாகும். அதனால் கண்ணில் பட்டவுடன் சுட்டுத் தீர்க்காமல், பாதி வீச்சுக்குள் வரும்வரை பொறுத்திருக்கிறவனே ஜெயிப்பான். இந்த விதி வந்ததும் தாக்கும் பக்கம் திணறத்தான் செய்யும். ஒவ்வொரு சினாரியோவுக்கும் (போர்க்காட்சிக்கும்) கூடுதலாக இரண்டு முறைகள் கொடுங்கள், சரியாகிவிடும்.

பழையதில் விவரம் அதிகம், புதியது வெறும் பொம்மை விளையாட்டு என்கிறான் நண்பன். உண்மையா?
– வாசகர், ராமேஸ்வரம்

பாதி உண்மை. விவரத்துக்குப் பெயர் போனது 1975-இல் வந்த 'டொப்ருக்'. ஒரு கட்டம் 75 மீட்டர். ஒரு டாங்கி ஒரே முறையில் பல குண்டு போடும். ஒவ்வொன்றுக்கும் பட்டதா, எங்கே பட்டது, என்ன ஆனது என்று தனித்தனியாகப் பகடை உருட்ட வேண்டும். சங்கிலி போய் நகர முடியாமல் நிற்பது வேறு, பீரங்கி மட்டும் செயலிழப்பது வேறு, டாங்கியே எரிந்து போவது வேறு. அழகுதான். ஆனால் பக்கத்துக்கு பத்து டாங்கி இறக்கினால் பொழுது முழுக்கப் பகடைச் சத்தம்தான் கேட்கும், சூழ்ச்சிக்கு வேலை இருக்காது.

மறு எல்லையில் 2004-இன் 'மெமோயர் 44'. டாங்கிக்கு 3 பகடை. ஆறு முகங்களில் டாங்கிச் சின்னமோ வெடிகுண்டுச் சின்னமோ விழுந்தால் எதிரி டாங்கிக்கு அடி. அதாவது ஆறில் இரண்டு. வெட்டவெளியில் 3 பகடை போட்டால் குறைந்தது ஓர் அடியாவது விழும் வாய்ப்பு 27-இல் 19, சுமார் 70 சதவீதம். எதிரி காட்டுக்குள் இருந்தால் டாங்கிக்கு 2 பகடை கழியும். மிச்சம் ஒன்று, வாய்ப்பு 33 சதவீதம். கவசத் தடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் 'டாங்கியைத் துணையில்லாமல் காட்டுக்குள் விடாதே, அங்கே காலாட்படையை அனுப்பு' என்ற பாடத்தைப் பத்து நிமிடத்தில் கற்றுக் கொடுத்துவிடும். இதைப் பொம்மை என்று சொல்ல மனம் வரவில்லை.

விவரம் எவ்வளவு என்று பார்த்து ஆட்டத்தை எடை போடாதீர்கள். எதிரி நகரும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா, குறுக்கிடலாமா என்று பாருங்கள். புதிய ஆட்டங்கள் முன்னேறியிருப்பது அங்கேதான். 2008-இன் 'கான்ஃபிளிக்ட் ஆஃப் ஹீரோஸ்' ஆட்டத்தில் ஒருவர் ஒரு செயல், அடுத்தவர் ஒரு செயல் என்று மாறி மாறிப் போகும். இரண்டு பகடையின் கூட்டலோடு தாக்கு எண்ணைச் சேர்த்து, எதிரியின் காப்பு எண்ணை எட்டினால் அடி. 4 கூடுதலாக வந்தால் அந்த இடத்திலேயே ஒழிந்தது. பக்கவாட்டில் காப்பு எண் குறைவு என்பதால் டாங்கியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துகிறீர்கள் என்பதே பாதி ஆட்டம். இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ 42 சதவீதம், 10 அல்லது அதற்கு மேல் விழ 17 சதவீதம்தான். இரண்டு புள்ளி வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள்.

ஜிம் டே உருவாக்கிய 'பான்சர்' 1979-இல் வந்தது; ஜி.எம்.டி. நிறுவனம் 2012-இல் புதுப்பித்தது. ஒவ்வொரு டாங்கிக்கும் 'சுடு', 'நகர்', 'காத்திரு' போன்ற கட்டளை வில்லையை இருவரும் கவிழ்த்து வைத்து, பிறகு திறப்பார்கள். விவரமும் வேண்டும், குறுக்கீடும் வேண்டும் என்கிற உங்கள் நண்பருக்கு இதைச் சிபாரிசு செய்யுங்கள்.

காற்றில் காய்கள் பறக்கின்றன. மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை. உப்புக் காற்றில் பலகையும் வளைகிறது. என்ன செய்ய?
– வாசகர், பாம்பன்

வளைந்த பலகை மேல் 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு போடுங்கள், படிந்துவிடும். காய்களுக்குப் பின்னால், ஒட்டும் பசையுள்ள அரை மில்லிமீட்டர் காந்தத் தாளை வெட்டி ஒட்டி, வரைபடத்துக்கு அடியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு வையுங்கள். இங்கே வெறும் இரும்புத் தகடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஜி.ஐ. ஆனாலும் வெட்டிய ஓரத்தில் துரு ஏறும். அங்கே பெயின்ட் அடியுங்கள். காந்தக் காயை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேலே உள்ளது கொஞ்சம் விலகி உட்காரும். அது காந்தத்தின் இயல்பு, உங்கள் வெட்டில் பிழையில்லை.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஜிப் கவரில் போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள்.

காய்களை நாமே செய்துகொள்ளலாமா?
– வாசகர், தொண்டி

தாராளமாக. 16 மில்லிமீட்டர் சதுரமென்றால் ஓரம் விட்டு ஏ4 தாளில் குறுக்கே 12, நெடுக்கே 17, ஆக 204 காய்கள். பைண்டிங் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டுங்கள். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வில்லாக வளையும். பின்பக்கமும் ஒரு தாளை ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் ஏற்றி வையுங்கள். வெட்டும்போது ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல், இரும்பு ஸ்கேல் பிடித்து நாலைந்து முறை லேசாக இழுங்கள். மூலைகளை நகவெட்டியால் கத்தரித்துவிட்டால் அடுக்கும்போது சிக்காது.

பழைய லேப்டாப்தான் இருக்கிறது. அதில் ஆட ஏதாவது?
– வாசகர், மண்டபம்

1995-இல் வந்த 'ஸ்டீல் பாந்தர்ஸ்' வழியில் உருவான 'வின்எஸ்பிஎம்பிடி' இலவசம், எந்தப் பழைய இயந்திரத்திலும் ஓடும். 2000-இன் 'காம்பாட் மிஷன்' வேறு ரகம்: இருவரும் திட்டமிட்ட பின் 60 விநாடி சண்டை ஒரே நேரத்தில் நடக்கும். என் ஓட்டு அதற்கே.

ரஷ்யாவும் பாலைவனமும் போதும். எங்கள் கடற்கரையையே வரைபடமாக்கி ஆட முடியுமா?
– வாசகர், சாயல்குடி

முடியும். 1:50,000 அளவு வரைபடத்தில், பான்சர்பிளிட்ஸ் கட்டத்தின் அளவான 250 மீட்டர் என்பது 5 மில்லிமீட்டர். அதை 4 மடங்கு பெரிதாக்கினால் 20 மில்லிமீட்டர் கட்டம் கிடைக்கும். 10 கிலோமீட்டர் நீளம், 6 கிலோமீட்டர் அகலமுள்ள நிலம் 80 x 48 சென்டிமீட்டராகும். பிளான் பிரிண்ட் எடுக்கும் கடையில் ஓர் ஏ1 தாளில் அடங்கிவிடும்.

நிலத்துக்கு விதி எழுதுவதில்தான் ருசி. கண்மாய்க் கரை பார்வையை மறைக்கும். அதன் பின்னால் நிற்கும் டாங்கிக்குக் காப்பு கூடும், ஏறிக் கடக்கும்போது அடிவயிறு தெரிவதால் எதிரிக்குச் சாதகம். கண்மாய் உள்வாய், கோடைச் சினாரியோவில் வெட்டவெளி. கார்த்திகைச் சினாரியோவில் போகவே முடியாது. சீமைக்கருவேலங்காட்டுக்கு 2 புள்ளி, பார்வை மறையும், முள் டயரைக் கிழிக்கும் என்பதால் லாரிக்கு அனுமதியில்லை. பனங்காட்டில் மரங்களுக்கு இடைவெளி உண்டு. 2 கட்டம் வரை பார்வை போகட்டும். உப்பளத்தில் மேலே வெள்ளை, கீழே சேறு: நுழைந்ததும் ஒரு பகடை, 1 விழுந்தால் டாங்கி புதைந்தது. பாத்தி வரப்பில் லாரி போகலாம், டாங்கி போனால் வரப்பு உடையும். முதல் ஆட்டத்தில் உப்பளத்தை வரைபடத்தின் ஓரத்தில் மட்டும் வையுங்கள். நடுவில் வைத்தால் இரு பக்கமும் புதைந்து நின்று, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.